பதினோரு விநாடிக்கு யார் பொறுப்பு

சுருளிப்பட்டி,
24.10.2007

அன்புள்ள மாப்பிள்ளை விஜயகுமார் அவர்களுக்கு, மாமா தவசி எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் சுகம். பெங்களூரில் நீங்களும் மகள் கயலும் குறைவில்லாமல் இருக்கச் சுருளி வேலப்பர் துணை.

போனில் பேசினால் உங்கள் அத்தை முருகம்மாள் பாதியில் பிடுங்கிக்கொள்வாள், ஆகவே கடிதம். நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் உங்கள் ஆபீசின் புதுக் கம்பைலரால் நிரல்கள் மெதுவாக ஓடுகின்றன, அதைத் திருத்தி எழுதிய ஓவியா என்கிற பிள்ளையை மாதக் கடைசியில் வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்கள் என்று கயல் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குற்றம் அந்தப் பிள்ளை மேல் இல்லை மாப்பிள்ளை, உங்கள் அத்தை மேல்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் நம் வீட்டுக் கணினியில் பழைய கம்பைலரை வைத்துச் சோதனையைப் பத்துமுறை ஓட்டினீர்கள். ஒவ்வொரு முறையும் நாற்பத்தோரு விநாடி. மறுநாள் புதியதையும் அப்படியே ஓட்டி அனுப்பச் சொல்லிவிட்டு பஸ் ஏறினீர்கள். நான் பட்டனைத் தட்டிவிட்டுத் திராட்சைத் தோட்டத்தைப் பார்க்கப் போய்விட்டேன். வந்து பார்த்தால் பத்துமுறையும் ஐம்பத்திரண்டு. அதைத்தான் அனுப்பினேன். நேற்று விசாரித்தால் உங்கள் அத்தை சொல்கிறாள், "பூசையன்னைக்கு அருவா, மம்பட்டி எல்லாம் சும்மா கெடக்கு, இது மட்டும் ஓடலாமா? மாப்ள சொல்லிட்டுப் போனாக, நிறுத்தவும் முடியல. அதான் சாமி கண்ணுல படாம என் பட்டுச்சேலையப் போத்தி வச்சேன்." சூடேறினால் கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று சொன்னது நீங்கள்தானே. ஒரு திராட்சைப் பந்தலுக்குத் தண்ணீர் விட்டு, அடுத்ததைக் காயப்போட்டுவிட்டு, இந்த ரகம் காய்க்காது என்று சொன்னால் ஊர் சிரிக்காதா? நல்லா சத்தம் போட்டுட்டேன். மூன்று வேளையாக ரசத்தில் உப்பில்லை. மறுபடி ஓட்டிப் பார்க்கத் தேவையே இல்லை, விஷயம் வெட்ட வெளிச்சம். உடனே மேலதிகாரியிடம் சொல்லி அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுங்கள்.

கயலுக்கும் உங்களுக்கும் எங்கள் ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மாமா தவசி

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டும்போது மனசு கேட்காமல், சேலையை எடுத்துவிட்டு, இரண்டையும் மாற்றி மாற்றிப் பத்துமுறை ஓட்டினேன். பழையது நாற்பத்தொன்று. புதியது அதே ஐம்பத்திரண்டு. மேலே உள்ளதை அடித்துவிட்டுப் படிக்கவும். தாமதம் ஓவியா எழுதியதில்தான் இருக்கிறது. முருகம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னது: "அப்ப அந்தப் புள்ளயக் கட்டாயம் வேலையில வச்சுக்கிறச் சொல்லுங்க. அது போட்ட முடிச்ச வேற யாரு அவுக்கப்போறாக?"