உறிஞ்சியார் எடுத்த கிருமி

கடைத்தெரு மாடிவீட்டின் படிக்கட்டு முழுக்கக் கூட்டம். ஆளாளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மேலே உறிஞ்சியார் அமர்ந்திருக்கிறார். தொப்புளில் பித்தளைக் குழாயை வைப்பார், உறிஞ்சுவார், வெள்ளைக் கிண்ணத்தில் துப்புவார். விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒன்று விழும். கிருமியாம்! நுண்ணோக்கியில் தேட வேண்டிய கிருமி, இவர் வாய்க்குள் மட்டும் விரல் நீளம் வளர்கிறது. அவ்வளவு சத்தான வாய்.

குடலுக்குக் காவலே கிடையாது, இனி நானே காவல், மாத்திரை தின்றால் காவல் போய்விடும் என்பது அவர் அருள்வாக்கு. அதை நம்பி ஒரு பெண், குடல் புண்ணுக்கான மாத்திரைகளைக் குப்பையில் கொட்டிவிட்டுத் துரும்பாக இளைத்துப்போனாள். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் அவள் அக்காவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

“குடல் சுவரே சில புரதங்களைச் சுரக்குதுடி. நெருங்கி வர்ற பாக்டீரியாவோட மேலுறையில ஓட்டை போட்டுக் கொன்னுடும். தள்ளி இருந்து செரிக்க உதவுறதுங்களை விட்டுடும். உனக்கு அந்தக் காவல் தளர்ந்துபோச்சு. மருந்து சாப்பிட்டாத்தான் புண்ணு ஆறும்.”

“புரதத்தை யாரு பார்த்தா? கிருமியை நான் கிண்ணத்துலயே பார்த்தேன்க்கா.”

கடைசியில் இருவரும் பந்தயம் கட்டினார்கள். கீழே துணிக்கடையில் உட்கார்ந்திருக்கும் பொம்மையை இரவல் வாங்கி, முக்காடிட்டுப் போர்வை சுற்றி, நாற்காலியோடு மேலே கொண்டுபோவது. சாமி கண்டுபிடித்துவிட்டால் அக்கா வாயே திறக்கக் கூடாது. கிருமி எடுத்தால் தங்கை மாத்திரை சாப்பிட வேண்டும்.

படிக்கட்டில் நின்றவர்களிடம், இவர் என் மாமியார், பேச்சு நின்றுபோய் நாளாகிறது என்றாள் அக்கா. மருமகளின் பாசத்தைக் கண்டு இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழிவிட்டார்கள்.

சாம்பிராணிப் புகையில் உறிஞ்சியார் போர்வை இடுக்கில் குழாயை நுழைத்தார். ‘டொக்’ என்றது.

“வயிறு கல்லாக் கெடக்கு” என்றார். உறிஞ்சினார், துப்பினார். அன்றைக்கு விழுந்ததிலேயே பெரியது அதுதான். “பழைய கிருமி. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா உயிரே போயிருக்கும்.”

அக்கா போர்வையை உருவினாள். வழவழப்பான பிளாஸ்டிக் வயிறு. தொப்புள்கூட இல்லை. கழுத்தில் ‘பாதி விலை’ என்ற அட்டை தொங்கியது.

“இதுக்குக் குடலே இல்லையே சாமி” என்றாள் தங்கை. “அப்போ எனக்கு எடுத்தது?”

பதில் சொல்ல வாயைத் திறந்த உறிஞ்சியாருக்குப் புரையேறியது. கன்னத்தில் அடக்கியிருந்த கறுப்பு நூல் சுருள்கள் மடியில் கொட்டின. அவற்றை வெறித்துப் பார்த்த தங்கை, அங்கேயே அக்காவிடம் மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்கினாள்.

கூட்டம் படியிறங்கத் தொடங்கியது. பின்வரிசையில் ஒருவர் மட்டும் நகரவில்லை. “பொம்மைக்கே எடுத்தவரு, நமக்கு எடுக்க மாட்டாரா?” என்றார்.

அவர் குடலுக்குக் காவல் இருக்கிறது, அது கேட்காமலே வேலை செய்கிறது. மூளையை மட்டும் அவரேதான் வேலை வாங்க வேண்டும்.