பியானோ ஒட்டும் வேலை

ஹெட்போன் ஒயர் நாற்காலிச் சக்கரத்தில் சிக்கி அறுந்ததில்தான் வினை தொடங்கியது.

ஒலிப்பதிவாளர் காலையிலேயே வேலையை முடித்திருந்தார். இரண்டு செவ்வியல் பியானோ பதிவுகளை ஒரே சுருதிக்கும் ஒரே வேகத்துக்கும் கொண்டுவந்து, ஒட்டியது தெரியாமல் ஒட்டியாயிற்று. மாலை ஐந்து மணிக்கு மகளின் நடனத் தேர்வு. போன வருடம் அவர் ஒட்டிக் கொடுத்த இசை நடுவில் இடறி, மகளும் இடறி, மேடையிலேயே அழுதுவிட்டாள். அந்த அழுகையை அவரால் இன்னும் மறக்க முடியவில்லை.

எதற்கும் இன்னொரு முறை கேட்டுவிடலாமென்று ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்தார். தாளத்துக்கு நடுவே டங், டங் என்று ஏதோ குதித்தது. சுருதியும் ஒட்டவில்லை.

"காலைல நல்லாத்தானேங்க இருந்துச்சு?" என்றாள் மனைவி.

"ஹெட்போன்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஸ்பீக்கர்ல போட்டாத்தான் வண்டவாளம் தெரியும்."

வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். டங் டங் நிற்கவில்லை. சுருதியை அரைச் சுரம் இறக்கினார். முதலில் சேர்வது போலிருந்தது. கால் மணி நேரத்தில் மறுபடி பிசிறடித்தது. ஏற்றினார். அதற்கும் மசியவில்லை.

நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். வீடு நிசப்தமாக இருந்தது. ஓடவிட்டார். டங்! ஆக, குற்றம் தன்னுடையதேதான். பதினெட்டு வருட அனுபவம் அப்படித்தான் சொன்னது.

"எனக்கென்னமோ ரெண்டு பியானோ வாசிக்கிற மாதிரி கேக்குதுங்க."

"நான் ஒட்டினதே ரெண்டு பியானோதானே! நீ வேற வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதே."

மதியச் சாப்பாடு ஆறிப் போனது. நான்கு மணிக்கு மகள் உடைமாற்றி வந்து நின்றாள்.

"அப்பா, காலைல பென் டிரைவ்ல குடுத்தீங்கல்ல, அதுக்கே ஆடிக்கிறேன். பின்னறையில கதவைச் சாத்திட்டு பத்து தடவை ஆடிப் பாத்துட்டேன். எங்கேயும் இடறவே இல்ல."

"உனக்குத் தெரியாது கண்ணு. அது தப்பு. கொண்டா இங்க, அழிச்சிட்டுப் புதுசு ஏத்தித் தர்றேன்."

"புதுசு எப்படி இருக்கு?"

புதுசு, கிணற்றுக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. பயமாகவும் இருந்தது. ஆனாலும் பென் டிரைவை வாங்கிச் செருகி, அழிக்கும் பொத்தான் மேல் விரலை வைத்தார்.

வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்தால், முன்பின் தெரியாத ஒரு மனிதர். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கையில் ஒரு முறுக்குச் சாவி.

"சார், பக்கத்து வீட்டு பியானோவுக்கு சுதி சேர்க்க வந்தவன் நான். சுதி காட்டுற என் மெஷின்ல பேட்டரி போயிடுச்சு. உங்க வீட்டுப் பாட்டு சுத்தமா கேக்குதேன்னு, நீங்க போடுறப்பல்லாம் அதை வச்சுத்தான் தட்டித் தட்டிச் சேர்க்குறேன். தயவு செஞ்சு ஏதாவது ஒரு சுதியில நில்லுங்க சார்... இருநூறு கம்பியையும் அஞ்சாவது தடவையா முறுக்கிட்டிருக்கேன்!"