காலிக் குப்பிக்கு அனுமதி

ஒரு விடுகதை. உள்ளே போகும், சொன்ன வேலையைச் செய்யும், முடிந்ததும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அது என்ன?

விருந்தாளி என்று சொல்லாதீர்கள்; அவர் வேலை செய்ய மாட்டார். அதிகாரி என்றும் சொல்லாதீர்கள். அவர் போக மாட்டார். விடை, கரிக்குழல்.

தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய, கரியால் ஆன குழாய் அது. மருந்தைச் சுமந்துகொண்டு நோயுள்ள இடத்துக்கே போகும். பழைய கரிக்குழலுக்கு ஒரு கெட்ட பழக்கம்: போன இடத்திலேயே குடியேறி உறுத்தத் தொடங்கிவிடும். ஓர் ஆய்வாளர் பாடுபட்டு, வேலை முடிந்ததும் ரத்தத்தின் வெள்ளை அணுக்களே அதைத் தின்று கரைத்துவிடும்படி மாற்றினார். அவருடைய அண்ணன் மகளுக்கு முழங்காலில் கட்டி. வாராவாரம் பெரிய ஊசி. அதை நிறுத்தத்தான் இந்தப் பாடு.

அனுமதி தரவேண்டிய அதிகாரி அந்த அண்ணனேதான். ஆகவே காரியம் சுலபம் என்று தங்கை நினைத்தார், பாவம்.

“குப்பி காலியா இருக்கே,” என்றார் அதிகாரி.

“எல்லாம் கரைஞ்சிடுச்சுண்ணா. அதைக் காட்டத்தானே கொண்டுவந்தேன்.”

“ஆபீஸ்ல அண்ணா கிடையாது. காலிக் குப்பிக்கு எப்படிம்மா முத்திரை குத்துறது? பொருளைக் கொண்டா.”

“பொருள் மிச்சம் இருந்தா, கரையலைன்னு தள்ளிடுவீங்களே சார்.”

“தள்ளுவோம். அது முறைப்படி தள்ளுறது. இதை முறையில்லாம தள்ள வேண்டியிருக்கு. அதான் வருத்தம்.”

ஆனால் அந்த ஆண்டு ‘கரையும்’ என்பதே நாகரிகம். கரையும் பை, கரையும் செருப்பு என்று கடைகள் நிறைந்திருந்தன. மழை வந்ததும் கனவான்கள் வெறுங்காலோடு வீடு திரும்பினார்கள். நாகரிகத்தை மறுக்க அலுவலகத்துக்கும் மனமில்லை. வல்லுநர் குழு கூடி, ஆழ்ந்து பரிசீலித்து, ஆணை பிறப்பித்தது: “கரையும் பொருளானது, தான் முற்றிலும் கரைந்தமைக்குச் சான்றாக, தன்னில் ஒரு பகுதியை நிரந்தரமாகக் கரையாமல் வைத்திருத்தல் வேண்டும்.”

“அது பாப்பா கால்லயே கிடக்குமேண்ணா.”

“கிடந்தா என்ன? அனுமதியோடதானே கிடக்கும்.”

வேறு வழியில்லை. ஆணைப்படியே ஒன்று செய்து கொடுத்தார். முத்திரை விழுந்தது, குழுவினர் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

மருத்துவமனையில் சிறுமி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அப்பா பெருமையோடு பக்கத்தில் நின்றார்.

“கண்ணு, அனுமதி கிடைச்ச குழல்ல கொஞ்சம் உள்ளேயே தங்கிடும். முழுசா கரையற குழலுக்கு இன்னும் அனுமதி கிடைக்கலை. இதைப் போட்டுக்கறியா, இல்லை பழைய ஊசியேவா?” என்றார் அத்தை.

சிறுமி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பா, உங்களுக்கு எப்ப டிரான்ஸ்பர் வரும்?”

“அடுத்த வருஷம்மா. ஏன் கேக்கறே?”

அதுவரை ஊசியே போட்டுக்கொள்வதாகச் சொல்லி, சிறுமி காலை நீட்டினாள்.