றிஸ்க் சேர் தோணியில் ஏறிய நாள்

உலகத்தில் நடக்கக்கூடிய எல்லா விபத்துகளையும் முன்கூட்டியே யோசித்து, அத்தனைக்கும் பயந்து முடித்த ஒரே மனிதர் எங்கள் றிஸ்க் சேர்தான்.

பொறியியல் பேராசிரியர்; ‘றிஸ்க் சேர்’ என்பது மாணவர்கள் வைத்த பட்டப்பெயர். இருக்கிற ஆட்களையும் நேரத்தையும் வைத்து ஒரு வேலையை எப்படிச் சிறப்பாக முடிக்கலாம், அதில் எங்கே ஆபத்து வரும் என்று கணக்குப் போடுவது அவருடைய துறை. வெளிநாட்டுத் துறைமுகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர். செங்கலடியில் எனக்குப் பக்கத்து வீடு. பல்கலைக்கழகத்தில் பக்கத்து அறை. ஆகவே எனக்குத் தப்ப வழியில்லை.

தென்னைக்குக் கீழே நடக்கமாட்டார். பஸ்ஸில் சாரதிக்குப் பின்னால்தான் இருப்பார். ஆபத்து வந்தால் சாரதி தன் பக்கத்தைத்தான் காப்பாற்றுவாராம். கன்டீனில் தேநீர் வரிசை நீளுகிறதென்று ஒருநாள் மேசைகளை மாற்றிப் போட்டார். வரிசை உண்மையிலேயே மறைந்தது.

“சேர், பொடியனுகள் இப்ப ரீயக் குடிச்சிட்டு உடன போறானுகள். வடை வாங்குறானுகள் இல்ல!” என்று கன்டீன்காரர் அழாக்குறையாகச் சொன்னார். சேரே மேசைகளைப் பழையபடி இழுத்துப் போட்டார்.

ஒரு கார்த்திகையில் கல்யாணமொன்றுக்கு மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள பழுகாமம் போனோம். சேர் வேட்டிக்குக் கீழே மழைச் சப்பாத்து போட்டிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். தாலி கட்டி முடிவதற்குள் வெள்ளம் றோட்டை மூடிவிட்டது. பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. இருந்தவை இரண்டே தோணிகள். ஆட்களை ஏற்றி வாவிக்கு அக்கரையில் விட ஆயத்தமான தோணிக்காரரைச் சேர் மறித்தார்.

“அக்கரைக்கு வேணாம். கோயில் மேட்டில இறக்கிட்டு உடன திரும்பி வாங்க. முதல்ல எல்லாரையும் தண்ணிக்குள்ள இருந்து எடுப்பம். மறுகா மத்ததப் பாப்பம்.”

அப்படியே செய்தார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாரும் மேட்டுக்கு வந்துவிட்டார்கள். அப்போதுதான் ஒரு பெண்ணுக்குப் பிள்ளைவலி கண்டது. ஆஸ்பத்திரி அக்கரையில். காற்றும் கிளம்பியிருந்தது.

“சேர், போகலாமா?” என்றார் தோணிக்காரர்.

ஊரே சேரின் வாயைப் பார்த்தது. அவர் வாவியைப் பார்த்தார்.

“இஞ்ச வச்சுப் பிரசவம் பாக்க ஆள் இருக்கா?”

“இல்ல சேர். ரெத்தமும் போகுது” என்று பெண்ணின் தாய் விம்மினாள்.

“அப்ப போங்க.”

சொன்னவர், கல்யாண வீட்டு வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு தானும் தோணியில் ஏறினார். நீந்தத் தெரியாதவர்! அதுவரை தோணிப் பக்கமே போகாதவர்!

“சேர், நீங்க ஏன்?” என்று கத்தினேன்.

“தண்ணி அள்ளி ஊத்த ஒராள் வேணும். போகச் சொன்னதும் நான்தானே. நான் கரையில நிண்டா எப்பிடி?”

வழியெல்லாம் முருகனைக் கூப்பிட்டபடியே தண்ணீரை அள்ளி ஊற்றினாராம். பாதி வாவிக்குள், பாதி தோணிக்காரர் தலையில். தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

மறுநாள் வந்தவரிடம் கேட்டேன்: “கணக்கு என்ன சொல்லிச்சு, சேர்?”

“ரெண்டு பக்கமும் ஆபத்து எண்டு. அதுக்கு மேல கணக்குக்கு ஒண்டும் தெரியா.”

இப்போது அவர் கொழும்பில் மகளோடு இருக்கிறார். மட்டக்களப்பில் மழை என்று கேள்விப்பட்டால் போதும், போன் வரும்.

“வெளிய போகாதீங்க தம்பி.”

சந்தையில் நனைந்தபடி நின்றுகொண்டே, “வீட்டுக்குள்ளதான் சேர்” என்பேன். போனை வைத்ததும், ஒதுங்குவதற்கு ஒரு கூரை தேடுவேன்.