எட்டுக் கால் ஆப்பு

தலை போனாலும் சின்ன அறையைக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்திருந்தேன். தலை போய்விட்டால் ஹெட்ஃபோனை எதில் மாட்டுவது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

எங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய இடங்கள் மூன்று. படுக்கையறை, குளியலறை, சின்ன அறை. படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் நிறுத்தம். குளியலறையில் நாற்காலி போட முடியாது. ஆகவே பாட்டுக் கேட்க எனக்கு விதிக்கப்பட்டது சின்ன அறைதான். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, என் முழங்கால்கள். அதற்கு மேல் எதுவும் கொள்ளாது.

லிஃப்ட் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் பேசுவது என்னிடம். அந்தரத்தில் நிற்கிற மனிதன் பேசுவதை அச்சில் ஏற்ற முடியாது. பகல் முழுவதும் அதை வாங்கிக்கொண்ட காதுகளுக்குச் சாயங்காலம் ஏதாவது நல்லதாகக் கொடுப்போமே என்றுதான் ஹெட்ஃபோன் வாங்கினேன். ஹெட்ஃபோனுக்குத் தெம்பு போதவில்லை என்று ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். அதோடு நின்றிருக்கலாம்.

நிற்கவிடாதவர் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். என்னைப் பிடித்த அதே வியாதி அவரையும் பிடித்திருந்தது. அவருக்குக் கொஞ்சம் முற்றிய நிலை.

"உள்ள ஒரு சிப் இருக்கு சார். ஆம்ப்ளிஃபயருக்கு அதுதான் தொண்டை. செருகித்தான் வச்சிருக்கான். பிடுங்கிட்டு வேற ஒண்ணு போடலாம். தொண்டைய மாத்தினா குரல் மாறாதா?"

மாறும் என்றே எனக்கும் பட்டது. இரண்டு புதிய சிப்புகள் வரவழைத்தோம். சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கறுப்பாக ஒரு வில்லை. பக்கத்துக்கு நாலாக எட்டுக் கால்கள். ஒரு மூலையில் ஒரு புள்ளி.

"இது பேரு என்ன?" என்றாள் மனைவி.

"ஆப்-ஆம்ப்."

"ஆப்பு, அம்பு. ரெண்டுமே குத்துற சாமானாச்சே. பாத்துங்க."

டாக்டர் தன் இடுக்கியைக் கொண்டு வந்து பழைய சிப்பைக் கடைவாய்ப் பல்லைப் போல ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். என்னை ஒருமுறை வாயைக் கொப்பளிக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். புதியதைச் செருகியபோது ஒரு தவறு செய்தார். அவரால் மட்டுமே செய்யக்கூடிய தவறு. புள்ளி இடது பக்கம் வர வேண்டும். எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்தே பிழைக்கிறவர், அவருக்கு இடது என்றால் எதிராளியின் இடது. மாற்றிச் செருகிவிட்டார். சுவிட்சைப் போட்டதும் மெல்லிய புகை எழுந்து அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. மறுபடி ஒரு சிப் வரவழைத்தோம்.

கடைசியில் மூன்று தொண்டைகள் கைவசம் இருந்தன. முதலில் இருந்ததற்குப் பழசு என்று பெயர் வைத்தோம். வழவழவென்று இருந்தது பட்டு. கூராக இருந்தது கத்தி. டாக்டர் தலைக்கும் என் தலைக்குமாக ஹெட்ஃபோன் போய்வந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு வார்த்தை கண்டுபிடித்தோம். "ஈரம்" என்பார் அவர். "ஆமா, ஆனா உள்ளீரம்" என்பேன் நான்.

"இத்தனை நாளா பாட்டுக்கு முன்னால ஒரு திரை இருந்திருக்கு," என்று மனைவியிடம் சொன்னேன். "இப்ப விலகிடுச்சு."

"அது தானா விலகல. நான்தான் கழட்டித் துவைக்கப் போட்டிருக்கேன்."

அப்போதுதான் அவளுக்கு அந்த வேலை வந்தது. வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் மொழிபெயர்க்கும் வேலை. ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு ஒரு மொழி, நோயாளிக்கு ஒரு மொழி. நடுவில் இவள். கல்யாணத்துக்கு முன் அவள் மூன்று மொழிகளில் சண்டை போடுவாள் என்று அவள் தம்பி என்னை எச்சரித்திருந்தான். எனக்கு இதுவரை ஒரு மொழிதான் தேவைப்பட்டது. மற்ற இரண்டும் எங்கோ பரணில் கிடந்திருக்க வேண்டும். தேர்வில் பேசிக் காட்டிவிட்டு வந்த அன்று அவள் நடை மாறியிருந்தது. கவனித்தேன். கவனித்ததை அவளிடம் சொல்லவில்லை.

கம்பெனி ஒரே நிபந்தனை போட்டிருந்தது. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் வராத ஓர் அறை வேண்டும். இருக்கிறதா இல்லையா என்று திங்கட்கிழமை சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் வேலையும் இல்லை.

"அந்த ரூம் எனக்கு வேணும்."

"எந்த ரூம்?"

"பாத்ரூமையா கேப்பேன்?"

"ஹால்ல உக்காந்து பேசலாமே."

"பேசலாம். 'உங்க ஈரல் வீங்கியிருக்கு'ன்னு டாக்டர் சொல்லுவாரு. அந்த நேரம் பாத்து குக்கர் விசில் அடிக்கும். அதையும் சேத்து மொழிபெயர்க்கட்டுமா?"

"பெட்ரூம்?"

"'ஆபரேஷன் பண்ணலாமா'ன்னு கேக்கும்போது கீழேருந்து கண்டக்டர் 'போலாம், போலாம்'பான். ஆள வெட்டிடுவாங்க."

நான் விஷயத்தை உயர்ந்த தளத்துக்குக் கொண்டுபோனேன். இது வெறும் பொழுதுபோக்கு இல்லை, காதின் சாதகம். ஒரு சிப்புக்கும் இன்னொரு சிப்புக்கும் இடையே இருக்கிற நுட்பத்தைப் பிடிக்க நிசப்தம் வேண்டும். ஹாலில் அது நடக்காது.

"அவ்வளவு வித்தியாசமா?"

"மலைக்கும் மடுவுக்கும்."

"கண்ணைக் கட்டிவிட்டா சொல்லுவீங்களா?"

"தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன்."

"தூக்கத்துல வேணாம். ஞாயித்துக்கிழமை சாப்பிட்டப்புறம். நான் மாத்தி மாத்திப் போடறேன். எது எதுன்னு சரியா சொல்லிட்டா ரூம் உங்களுது. அதப்பத்தி அப்புறம் வாயே திறக்கமாட்டேன்."

"தப்பாச் சொன்னா?"

"நீங்கதான் சொல்லமாட்டீங்களே."

அவள் வாயே திறக்காத ஓர் எதிர்காலம் கண்முன் விரிந்தது. ஒப்புக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் சாட்சியாக வந்தார். இடுக்கி அவருடையது. கை மட்டும் மனைவியுடையது என்று முன்பே பேசி முடிவாகியிருந்தது. மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் சுவிட்சை அணைத்து, சிப்பைப் பிடுங்கி, வேறொன்றையோ அதையேயோ போடுவாள். பாட்டு ஒன்றே. துண்டால் என் கண்ணைக் கட்டினார்கள்.

பார்வை போனதும் அறை பெரிதாகிவிட்டது. மனைவி தரையில் உட்கார்ந்தபோது அவள் முழங்காலில் சொடக்கு விழுந்தது. இது எப்போதிலிருந்து என்று யோசித்தேன். தெரியவில்லை. சிப்பைப் பிடுங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளி இடது பக்கம் மேடம். இல்ல, வலது..."

"டாக்டர், நீங்க கைய மடியில வச்சுக்கங்க."

பாட்டு வந்தது. நல்ல பாட்டு. திரை எங்கே என்று தேடினேன். "மூணையும் கேட்டுட்டு மொத்தமாச் சொல்றேன்," என்றேன். குரல் கம்பீரமாகத்தான் இருந்தது.

இரண்டாவது சுற்று. அதே பாட்டு, அதே பாடகர், அதே வீணாய்ப்போன நிம்மதி அவர் குரலில். ஈரமும் இல்லை, உள்ளீரமும் இல்லை. மூன்றாவதிலும் அப்படியே. துண்டுக்குள் வியர்த்தது. எத்தனை சாயங்காலங்கள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடித் தலையசைத்திருப்பேன். அப்போது கேட்டதெல்லாம் எங்கிருந்து வந்தது? எந்தச் சிப் என்று கண் பார்த்துச் சொன்னதைத்தான் காது திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்ததா? அறை போவதைவிட இது பெரிதாக இருந்தது.

சட்டென்று விளங்கியது. இவளை எனக்குத் தெரியாதா? தேவையில்லாமல் ஒரு டம்ளரைக்கூட இடம் மாற்றாதவள். பிடுங்கியதையே திரும்பச் செருகியிருக்கிறாள். மூன்று முறையும். நான் சுற்றுக்கொரு பெயர் சொல்லி அசடு வழியட்டும் என்று. காதில் கோளாறு இல்லை, கூட்டுச்சதி! போன உயிர் திரும்பி வந்தது. துண்டைப் பிய்த்து எறிந்தேன்.

"மாத்தவே இல்ல!" என்று கத்தினேன். "யாருகிட்ட? மூணு தடவையும் ஒரே சிப்பு. மூணும் ஒரே சத்தம். ஒரு நூல் வித்தியாசம் கிடையாது!"

"நல்லாக் கவனிச்சீங்களா?"

"எங்க வேணாலும் வந்து சத்தியம் பண்ணுவேன். மூணும் ஒண்ணு!"

"டாக்டர், அவரு சொன்னது காதுல விழுந்ததுல்ல?"

டாக்டர் தன் சொந்தப் பல்லின் எக்ஸ்ரேயைப் பார்ப்பவர்போல் என்னைப் பார்த்தார்.

"மாத்தினாங்க சார். முதல்ல பழசு, அப்புறம் கத்தி, கடைசில பட்டு. பக்கத்துலயே இருந்து பாத்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சார், இந்த விஷயம் என் வீட்டுப் பக்கம் போக வேணாம். எனக்கும் ஒரு சின்ன ரூம் இருக்கு."

மனைவி ஜெயித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. மிச்சமிருந்த இரண்டு சிப்புகளையும் கால் வளையாமல் பஞ்சில் குத்தி டப்பாவில் வைத்தாள். மேஜையை என்ன செய்வது என்று கேட்டேன். மேஜை இருக்கட்டும் என்றாள். ஹெட்ஃபோன்? அதுவும் இருக்கட்டும். ஆம்ப்ளிஃபயர்? நோயாளிகள் மெல்லத்தான் பேசுவார்களாம், அதுவும் தேவைப்படுமாம். ஆக, அறையிலிருந்து வெளியேற வேண்டிய சாமான் ஒன்றுதான். அது தானாகவே நடந்து ஹாலுக்கு வந்தது.

இப்போது ஆபீசிலிருந்து வந்தால் ஹாலில் உட்கார்கிறேன். கதவு வழியாக அவள் குரல் கொஞ்சம் கசியும். எனக்குத் தெரியாத ஒரு மொழியில் யாரையோ பயப்பட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். வார்த்தை தெரியாவிட்டாலும் அதுதான் என்று தெரியும். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. ஒருநாள் ஒருவரிடம் பேசிப் பார்த்தேன். அவர் திட்டுவதை நிறுத்திவிட்டு, "லைன்ல இருக்கீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார்.

போன வாரம் தேநீர் கொடுக்கக் கதவைத் திறந்தேன். ஆம்ப்ளிஃபயரின் மூடி கழன்று கிடந்தது. இடுக்கியோடு குனிந்திருந்தாள்.

"என்ன பண்ற?"

"பட்ட எடுத்துட்டுக் கத்தி போடறேன். பட்டுல ஆம்பளைங்க குரல் கொழகொழன்னு இருக்கு. ஆஸ்பத்திரி டாக்டர் சொல்றது பாதி அவரு வாய்லயே தங்கிடுது. கத்தியில எழுத்தெழுத்தா விழும்."

தேநீரை மேஜையில் வைத்தேன்.

"உனக்கு வித்தியாசம் தெரியுதா?"

"தெரியாம என்ன? மூணும் மூணு மாதிரி."

"எப்பலேருந்து?"

"நீங்க வாங்கின புதுசுலயே. நீங்க ஆபீஸ் போனதும் ஒருநாள் போட்டுப் பாத்தேன்."

"அப்ப அன்னைக்கே ஏன் சொல்லல?"

மூடியைப் பொருத்தி, ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டி, ஒரு காதை மட்டும் எனக்காக விலக்கிவைத்தாள்.

"என்னை யாரு கேட்டா?"