குன்கெல் கல்லறைத் தோட்டத்தின் ஏழாம் விதி

மனிதராகப் பிறந்த எல்லோருக்கும் முன்னோர் உண்டு. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை; கோழிக்கும் உண்டு. ஆனால் ஒரு முன்னோரைப் பொறுக்கி எடுத்து, தூசி தட்டி, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பேரை அவருக்குக் காவல் போட்டு, ஆண்டுக்கொரு முறை பன்றித்தொடையும் உருளைக்கிழங்கு சாலட்டும் படைத்துக் கொண்டாடும் உயர்ந்த நாகரிகம் பென்சில்வேனியாவின் குன்கெல் குடும்பப் பேரவைக்கே கைவந்தது.

பேரவையின் மூலவர் யோஹான் கஸ்பார் குன்கெல். 1750-இல் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர். கப்பல் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு கோணல் கீறல் போட்டிருக்கிறார். எழுதத் தெரியாதவர் போட்ட கீறல் என்று சிற்றறிவு படைத்தவர்கள் நினைக்கக்கூடும். பேரவைத் தலைவர் வில்பர் குன்கெல் அதைக் 'குல முத்திரை' என்று கண்டுபிடித்து, நானூறு காப்பிக் கோப்பைகளில் அச்சடித்துவிட்டார்.

செயலாளர் லியோனா குன்கெல் இன்னும் ஒரு படி மேலே போனவர். பள்ளி நூலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பழைய ஜெர்மன் கையெழுத்தைத் தானே படிக்கக் கற்றுக்கொண்டு, பதினோரு ஆண்டு பாடுபட்டு, 640 பக்கத்தில் குடும்ப வரலாறு எழுதி முடித்திருந்தார். கஸ்பாரின் மகன் பிலிப், பிலிப்பின் பதின்மூன்று பிள்ளைகள், அவர்கள் வழியில் இன்றைய 412 உறுப்பினர்கள் என்று ஒருவர் விடாமல் அதில் இருந்தார்கள். முந்நூறு பிரதிகள் கார் கொட்டகையில் அடுக்கப்பட்டு, கார் மழையில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக் கூட்டத்தில் வெளியீடு.

செவ்வாய்க்கிழமை எல்வுட் ட்ரெக்ஸ்லர் வந்து வாசலில் நின்றார். குன்றின் மேலிருக்கும் குன்கெல் கல்லறைத் தோட்டத்தில் முப்பத்தொரு ஆண்டாகப் புல் வெட்டுகிறவர். யாரும் வெட்டச் சொன்னதில்லை, வேண்டாமென்றும் சொன்னதில்லை. அவர் மனைவி பியூலா முந்தின நாள்தான் இறந்திருந்தார்.

"பியூலாவுக்கு ஒரு இடம் வேணும் லியோனாம்மா. பின்னாடி எனக்கும். நான் புல்லு வெட்டுறப்ப சாப்பாடு கொண்டாந்து அந்தச் சுவரோரமாத்தான் உக்காந்திருப்பா. அங்கயே இருந்தாப் போதும்."

லியோனாவுக்கு நெஞ்சு இளகியது. ஆனால் ஏழாம் விதி இளகவில்லை. 'கஸ்பாரின் ரத்த வழியினரும் அவர்தம் துணைவரும் மட்டுமே அடக்கம் செய்யப்படுவர், அத்தாட்சி கட்டாயம்.' யாரோ அங்கே தன் நாயைப் புதைத்துவிட்டதாக 1938-இல் எழுந்த வதந்தியை அடுத்து இயற்றப்பட்ட விதி. நாயிடம் அத்தாட்சி கேட்க வழியில்லாததால் அன்றுமுதல் மனிதர்களிடம் கேட்டு வருகிறார்கள்.

"நீங்க ட்ரெக்ஸ்லர் ஆச்சே அண்ணே."

"கஸ்பார் பெரியவரோட மக மக்தலேனா எங்க வீட்டுக்குத்தான் வாக்கப்பட்டா. சர்ச் புஸ்தகத்துல இருக்கும்னு அப்பா சொல்லுவாரு."

"மக்தலேனா கைக்குழந்தையிலேயே போயிட்டா. என் புஸ்தகத்துல நாப்பத்தோராம் பக்கம் பாருங்க."

எல்வுட் கொஞ்சம் யோசித்தார். "அப்புறமா எங்க வீட்டுக்கு வந்து ஒம்பது பிள்ளை பெத்திருக்காளே" என்றார் பணிவாக. "வெள்ளிக்கிழமை அடக்கம். முடிஞ்சா பாருங்க. சிரமம்னா விட்டுடுங்க."

ஒரு வரலாற்றாசிரியரிடம் விட்டுடுங்க என்றால் விடுவாரா? புதன்கிழமை லியோனா சர்ச்சுக்குப் போனார். போதகர் இரும்பு அலமாரியைத் திறந்து பழைய ஏட்டை மேஜைமேல் வைத்தார். பதினோரு ஆண்டில் லியோனா அதன் மூலத்தைத் தொட்டதில்லை. பேரவையிடம் 1938-இல் எடுத்த தட்டச்சுப் பிரதி இருந்தது. அவ்வளவு அழகான தட்டச்சைச் சந்தேகிக்க அவருக்கு மனம் வந்ததில்லை. பிரதியில் ஒரு பக்கம் எப்படியோ விட்டுப்போயிருந்தது இப்போதுதான் தெரிந்தது.

அந்தக் காலத்துப் போதகர் கஸ்பார் வீட்டைப் பற்றி அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தார். மகன்கள் மூவரும் ஒரே இலையுதிர்காலத்தில் காய்ச்சலில் இறந்தார்கள், மணமாகாதவர்கள். மகள் மக்தலேனாவை ட்ரெக்ஸ்லரின் மகனுக்கு மணம் செய்து கொடுத்தாயிற்று. அதன் கீழே: 'பிலிப். தாயும் தகப்பனும் வரும் வழியில் கடலில் இறந்தனர். குடும்பப் பெயர் தெரியவில்லை. அவர்கள் கட்டாத கப்பல் கூலிக்காகக் கப்பல்காரர்கள் பையனை விற்க இருந்தார்கள். கஸ்பார் தம்முடைய ஒரே பசுவைக் கொடுத்து மீட்டு வந்தார். தன் மகன் என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.'

லியோனா மூன்று முறை படித்தார். கடைசி வார்த்தையில் கண் நிறைந்தது. பிறகு கொட்டகையிலிருக்கும் முந்நூறு புத்தகங்கள் நினைவுக்கு வந்தன. கண் உடனே காய்ந்தது.

வியாழக்கிழமை வில்பர் வீட்டுச் சமையலறையில் 'அவசர செயற்குழு' கூடியது. தலைவர் வில்பர், பொருளாளர் ஆர்லின், செயலாளர் லியோனா என்று குழு முழுமையாக ஆஜர். லியோனா தான் எழுதி வந்திருந்த குறிப்பை வாசித்தார். வில்பர் காப்பியை ஆற வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப நாமெல்லாம் யாரு?"

"தெரியல. பேர் தெரியலைன்னே எழுதியிருக்கு."

"கப்பல்ல செத்தாங்களே, அவங்கதான் அப்ப நம்ம ஆளுங்க" என்றார் ஆர்லின். "அவங்களுக்கு முத்திரை கித்திரை உண்டா?"

"அவங்களைக் கடல்ல போட்டுட்டாங்க ஆர்லின்."

"எனக்குக் கல்லு நட்டாச்சு" என்றார் வில்பர். "பொறந்த வருஷம் வெட்டியாச்சு. கருங்கல்லு. ஏழாம் விதிப்படி நான் எங்க போய்ப் படுக்கிறது?"

"ஏழாம் விதிப்படி அங்க படுக்கிற யோக்கியதை, நமக்குத் தெரிஞ்சு, இன்னிக்கு எல்வுட் ஒருத்தருக்குத்தான்."

"புல்லு வெட்டுறவனுக்கா?"

"பேசாம இடத்தைக் குடுத்துட்டா என்ன?" என்றார் ஆர்லின். "பியூலா நல்ல பொம்பளை. என் ஆப்பரேஷனப்ப ஒரு வாரம் எங்க வீட்டுல சமைச்சா."

வில்பர் நாற்பது ஆண்டு காப்பீட்டு முகவராக இருந்தவர். இழப்பீடு தராமல் இருப்பதற்கான நியாயங்கள் அவருக்குத் தூக்கத்திலும் வரும். "அத்தாட்சி இல்லாமக் குடுத்தா விதி மீறல். அத்தாட்சியோட குடுத்தா நாம காலி. அந்த மனுஷன் மேல உள்ள பிரியத்துனாலதான் சொல்றேன், குடுக்க வழியே இல்ல."

இவ்வளவு தெளிவான வாதத்துக்குப் பின் தீர்மானம் தானே எழுதிக்கொண்டது: 'மனுதாரர் குறிப்பிட்ட பக்கம் பார்வைக்குக் கிடைக்கப்பெறவில்லை.' ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் வில்பர். அவர் தூக்கினார். ஆர்லின் சுவரைப் பார்த்துக்கொண்டு தூக்கினார். முந்நூறு புத்தகங்களும் சேர்ந்து லியோனாவின் கையைத் தூக்கின. ஒருமனதாக நிறைவேறியது.

பேரவை இரக்கமற்றதென்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வருத்தக் கடிதத்தோடு, இழவு வீட்டுக்கு வழக்கமாகக் கொண்டுபோகும் திராட்சைப் பலகாரமும் எல்வுட்டுக்குப் போயிற்று. லியோனாவே மாவு பிசைந்து செய்தார். பிசையும்போது தன் கைகளைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பியூலாவை நெடுஞ்சாலை ஓரத்துப் பொதுக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். லாரிகள் போகும் சத்தத்தில் போதகர் ஜெபத்தை மூன்று முறை நிறுத்தித் தொடர்ந்தார்.

சனிக்கிழமை காலை குன்றின் மேல் புல் வெட்டும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. மறுநாள் ஆண்டுக் கூட்டம் அல்லவா. லியோனா மேலே ஏறிப் போனபோது, வில்பரின் கருங்கல்லைச் சுற்றி எல்வுட் ஒழுங்காக வெட்டி முடித்திருந்தார். அவரைக் கண்டதும் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"பலகாரம் நல்லா இருந்துச்சு லியோனாம்மா."

"அந்தப் பக்கம்..." லியோனா கருங்கல்லில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார். "அந்தப் பக்கம் கிடைக்கல அண்ணே."

"கடுதாசியில போட்டிருந்துச்சு. ஒரு வகையில நல்லதாப் போச்சும்மா. ஏதோ ஆசையில உங்ககிட்ட கேட்டுட்டேன். கேட்டதுலேருந்து ஒரே பயம், நீங்க பாட்டுக்குத் தேடி எடுத்துடுவீங்களோன்னு."

"ஏன் அண்ணே?"

"அதே பக்கத்துல இன்னொருத்தர் சங்கதியும் இருக்கும்னு அப்பா சொல்லுவாரு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கஸ்பார் பெரியவர் மக்தலேனாகிட்ட சத்தியம் வாங்கிட்டாராம். அதான் எங்க வீட்டுல இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் வாயத் திறந்ததில்ல."

"என்ன சங்கதி?" என்று கேட்டார் லியோனா. கேட்காமலிருக்க அவரால் முடியவில்லை.

எல்வுட் குனிந்து இயந்திரத்தின் கயிற்றைக் கையில் எடுத்தார்.

"வேண்டாம்மா. அது வெளிய தெரிஞ்சா, நான் இந்த வீட்டுப் பிள்ளை இல்லையான்னு ஒரு சின்னப் பையன் அழுவானாம்."