ஆறு மாச விதி

கிடங்குக்காரருக்கு வேலை செய்யும் இடத்தில் ஒரே வேலைதான். இல்லை என்று சொல்வது. யார் எந்தச் சாமான் கேட்டாலும் முதலில் இல்லை என்பார். அப்புறம்தான் இருக்கிறதா என்று பார்ப்பார். வீட்டில் மட்டும் அந்த வார்த்தை தொண்டையோடு நின்றுவிடும். கல்யாணமான நாளிலிருந்து நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு வெளியே வந்துவிட்டது.

"தம்பிக்கு இங்கயே வேலை கிடைச்சிருக்கு. ஹால்ல ஒரு கட்டில் போட்டுக்கட்டும்" என்றாள் மனைவி.

"இடம் இல்ல. மீன் தொட்டி இருக்கு."

"மீனைப் பின்பக்கம் மாத்துங்க."

"மாத்தறதா? பெரிய மீனை ஒரு தடவை இடம் மாத்தினா ஆறு மாசத்துக்கு மறுபடி தொடவே கூடாது. அதிர்ச்சியில செத்துடும்."

"யாரு சொன்னா?"

"மீன் வளக்கிற எல்லாருக்கும் தெரியும்."

ஒருத்தருக்கும் தெரியாது. அப்படி ஒரு விதியே கிடையாது. வாயைத் திறந்த பிறகு தயாரித்தது.

"ஆறு மாசமா?"

"ஆறு மாசம்."

"சரிங்க."

அந்தச் 'சரிங்க'வுக்கு அவர் பயந்திருக்க வேண்டும். மனுஷன் ஜெயித்துவிட்டதாக நினைத்து இரண்டாவது காபி கேட்டார். அதுவும் கிடைத்தது. அதற்காவது பயந்திருக்கலாம்.

தொட்டியில் இருந்தவை மூன்று ஆஸ்கர் மீன்கள். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். பெரியதற்கு சேர்மன் என்று பெயர். அவர் வேலை முடிந்து வந்து கண்ணாடியில் விரலால் தட்டினால் சேர்மன் நேராக வந்து முகத்துக்கு முகம் நிற்கும். அந்த வீட்டில் அவர் வந்தால் திரும்பிப் பார்க்கிற ஜீவன் அது ஒன்றுதான். மகள் போனைப் பார்ப்பாள். மனைவி கடிகாரத்தைப் பார்ப்பாள்.

சில நாளில் தொட்டிக்கு அடியில் தரை ஈரமாக இருந்தது. மறுநாளும் ஈரம். அதற்கு மறுநாள் குட்டையே தேங்கியிருந்தது.

"தொட்டி ஒழுகுதுங்க. ராத்திரியில கண்ணாடி விட்டுப்போச்சுன்னா சேர்மன் தரையில கிடப்பாரு" என்றாள்.

அவர் உடனே பின்பக்கம் ஓடினார். அங்கே செங்கல் அடுக்கி வைத்திருந்தது. பக்கத்தில் புதுத் தார்ப்பாய். இதெல்லாம் எப்போது வந்தது என்று அவர் கேட்கவில்லை. செங்கலைச் சுற்றிலும் வைத்து, தார்ப்பாயை உள்ளே விரித்து, தானே குளம் கட்டினார். புதுத் தண்ணீர் மீனுக்கு ஆகாது என்று தொட்டித் தண்ணீரையே டியூப் போட்டு உறிஞ்சி வாளி வாளியாகச் சுமந்தார். உறிஞ்சியதில் பாதி வயிற்றுக்குள் போனது.

வலை போட்டால் செதில் கிழியும் என்று சேர்மனை ஈரத் துண்டில் சுற்றித் தூக்கினார். சேர்மன் வாலால் கன்னத்தில் ஒன்று விட்டது. மூக்குக் கண்ணாடி தெறித்து விழுந்தது. ஒரு வழியாக டப்பில் போட்டு மூடி, அவரும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

"பாத்து, பாத்து. விழுந்துடப் போகுது" என்றாள் மனைவி.

"விழமாட்டேன்."

"மீனைச் சொன்னேன்."

மற்ற இரண்டும் அதே மாதிரி குளத்துக்குப் போயின.

மறுநாள் ஒழுக்கை அடைக்கக் கண்ணாடிக் கடைக்காரன் வந்தான். காலித் தொட்டியை நாலு மூலையும் தடவினான்.

"சார், இதுல ஒழுக்கே இல்ல. இன்னும் பத்து வருஷம் தாங்கும்."

கிடங்குக்காரர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "அப்போ தரையில தண்ணி?"

"துடைக்கறப்ப கொஞ்சம் சிந்தியிருக்கும்."

"தினமுமா?"

"தினமும்தானே துடைக்கிறேன்."

"சரி, இப்பவே மீனைத் திருப்பி உள்ள விட்டுடறேன்."

"எப்படிங்க? ஆறு மாசம் தொடக்கூடாதே. செத்துடுமே." அவள் முகத்தில் அவ்வளவு கவலை. "இல்ல, அது பொய்னா சொல்லிடுங்க. தம்பி வாசல்லதான் நிக்கிறான். அவன் வரக்கூடாதுன்னு மாமா பொய் சொன்னாருன்னு நானே பக்குவமா எடுத்துச் சொல்லிடறேன்."

வாசலில் மைத்துனன் நின்றான். தலையில் கட்டில் பலகை. வாய் நிறையச் சிரிப்பு.

கிடங்குக்காரர் யோசித்தார். எந்தப் பக்கம் போனாலும் சுவர். "பொய் எல்லாம் இல்ல" என்றார்.

தொட்டி மாடிப்படிக்கு அடியில் போனது. அது இருந்த இடத்தில் கட்டில் வந்தது.

சாயங்காலம் அவர் குளத்தோரம் குந்தி, செங்கல்லில் விரலால் தட்டினார். சேர்மன் வரவில்லை. மறுபடி தட்டினார். மதில்மேல் ஒரு பூனை மட்டும் எட்டிப் பார்த்தது. அப்போது மனைவி பின்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். சேர்மன் சரேலென்று மேலே வந்து அவள் பக்கமாக வாயைத் திறந்தது.

"காலையில நான்தான் தீனி போட்டேன். உடனே பழகிடுச்சு" என்று சொல்லி, கையிலிருந்த பாயையும் தலையணையையும் அவர் பக்கத்தில் வைத்தாள். "பூனை சுத்துது. யாராவது காவல் இருக்கணும்ல."

அவர் தலையணையைப் பார்த்தார். அவருடையதுதான். உறைகூட மாற்றவில்லை.

"பூனை வராம வலை கட்டிட்டா, நான் உள்ள வந்துடலாம்ல?"

"வேணாங்க. ஒரு தடவை இடம் மாத்தியாச்சு. மறுபடி மாத்தினா உங்களுக்கு அதிர்ச்சியாயிடும்."